அந்தோணியாருக்கு வந்த மெயில்கள்

எங்கள் பங்குக் கோயிலின் மெயில் சர்வருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. கோயில் பெயரைப் பின்னால் ஒட்டி, முன்னால் எந்தப் பெயரை எழுதி அனுப்பினாலும் மறுபேச்சில்லாமல் வாங்கி உள்ளே போட்டுக்கொள்ளும். பல வருடங்களுக்கு முன் ரூஃபஸ் என்கிற பங்குக்காரர் அப்படி அமைத்துவிட்டு அமெரிக்கா போய்விட்டார். கோயிலுக்கு வருகிற ஒரு மெயிலும் தவறிவிடக் கூடாது என்கிற நல்லெண்ணம். மற்றவர்கள் நல்லெண்ணத்தில் செய்து வைத்ததைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு.

நான் ஒரு பெரிய கம்பெனியின் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள். செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடியே வேலை. என் கணவர் ஜெயச்சந்திரன் இறந்த பிறகு, ஆபீசுக்கு வர வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்று மேனேஜர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அழுகிற பெண்ணை எதிர் நாற்காலியில் வைத்துப் பார்க்க அவருக்குப் பயம். பயந்திருக்கவே வேண்டாம். அடக்கத்தன்றுகூட நான் அழவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டால் வேறு யாருடையதோ போல இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாப்பிட்டேன், குளித்தேன், வேலை பார்த்தேன். என்ன கிழமை என்று கேட்டால் போனைப் பார்த்துத்தான் சொல்வேன்.

அந்த நிலையில்தான் பங்குத்தந்தை துரைராஜ் போன் செய்தார்.

"மேரிம்மா, நம்ம கோயில்லருந்து போற மெயில் எதுவுமே போய்ச் சேர மாட்டேங்குது. கல்யாணத்துக்கு லெட்டர் குடுத்தா ஸ்பாம்ல கிடக்குதுங்குறாங்க. ஒரு பொண்ணுக்குப் பூசையில கல்யாண ஓலை வாசிக்கிறதே தள்ளிப் போச்சு. கொஞ்சம் பாக்குறியா?"

பார்த்தேன். பார்க்க அதிகம் இல்லை. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வருகிறவர்களை எந்த வீடு என்று கேட்காமல் மேலே அனுப்பினால் என்ன ஆகும்? அதுதான் ஆகியிருந்தது. இல்லாத பெயர்களுக்கெல்லாம் குப்பை மெயில்கள் வந்து குவிந்திருந்தன. வாங்கிப் போட்ட பிறகு குப்பை என்று கண்டுகொண்டு, சர்வர் அவற்றில் பாதியை ஊர் பேர் தெரியாத முகவரிகளுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால் கோயிலே குப்பை அனுப்புகிறது என்று பெரிய கம்பெனிகள் தடை போட்டுவிட்டன. வைத்தியம் எளிது. இன்னின்னார்தான் இங்கே இருக்கிறார்கள் என்று சர்வருக்குச் சொல்லிவிட வேண்டும். வேறு பெயருக்கு வந்தால் அது வாசலிலேயே இல்லை என்று சொல்லிவிடும். உள்ளே எடுக்காது.

கோயில் ஆபீசிலிருந்து பெயர்களைச் சொன்னார்கள். பங்குத்தந்தை, ஆபீஸ், மறைக்கல்வி, இளைஞர் குழு, பாடகர் குழு, கல்லறைக் கமிட்டி. கமிட்டியின் முகவரி எனக்கு ஏற்கெனவே பழக்கம். ஜெயச்சந்திரனின் கல்லில் என்ன எழுத வேண்டும் என்று அங்கேதான் அனுப்பியிருந்தேன்.

இருந்தாலும், மாற்றுவதற்கு முன் இதுவரை யார் யாருக்கு மெயில் வந்திருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். சர்வர் அதைக் குறித்துக்கொண்டே போகும். யாரிடமிருந்து, யாருக்கு என்பது மட்டும் இருக்கும், உள்ளே என்ன என்பது இருக்காது. லாட்டரிக்காரர்களும் மருந்துக்காரர்களும் இஷ்டத்துக்குக் கற்பனை செய்த பெயர்களின் நடுவே ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அந்தோணியார். துபாய், குவைத், சிட்னி, அயர்லாந்து என்று எங்கெங்கிருந்தோ. பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை எங்கள் கோயிலில் அந்தோணியார் நவநாள் ஜெபம். சுரூபத்தின் காலடியில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதலைச் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். பதின்மூன்று செவ்வாய் விடாமல் போட்டால் கேட்டது கிடைக்கும் என்பது நம்பிக்கை. கொரோனா சமயத்தில் நவநாளை ஆன்லைனில் காட்டினார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பெட்டியில் எப்படிச் சீட்டுப் போடுவார்கள்? யாரோ ஒருவர் துணிந்து அந்தோணியார் பெயருக்கே மெயில் போட்டுப் பார்த்திருக்கிறார். திரும்பி வரவில்லை. திரும்பி வரவில்லை என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? குடும்பம் குடும்பமாகச் செய்தி பரவிவிட்டது. உண்மையில் அவை எல்லாம் லாட்டரி மெயில்களோடு ஒரு பொதுப் பெட்டியில் கிடந்தன. அதைத் திறந்து பார்த்தவர் யாரும் இல்லை.

நானும் பதின்மூன்று செவ்வாய் அந்த மரப்பெட்டியில் சீட்டுப் போட்டவள்தான். ஜெயச்சந்திரனுக்குக் கணையத்தில் கட்டி. செவ்வாய் மாலையானால் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு செகந்திராபாத்துக்கு ஓடுவேன். ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை. கடைசிச் சீட்டுப் போட்ட அதே வாரம் அவர் போய்விட்டார். கோடி அற்புதர் என்று அந்தோணியாரைச் சொல்கிறோம். கோடியில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வாங்கிக்கொண்டால் பொறுப்பு உன்னுடையது. கொண்டு சேர்க்க முடியாது என்றால் வாங்காதே, வாசலிலேயே சொல்லிவிடு, அனுப்பியவர் வேறு வழி பார்க்கட்டும். அந்த மரப்பெட்டி என் முதல் சீட்டையே துப்பியிருந்தால், அத்தனை செவ்வாய் மாலைகளும் நான் அவர் கட்டிலருகே இருந்திருப்பேன். என் கோபமெல்லாம் இந்த ஒன்றில்தான் இருந்தது. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, கோபம் இருக்க வேண்டிய இடம் என்று சொல்லலாம்.

ஆகவே, தெரிந்தேதான் அந்தோணியாரைச் சேர்க்காமல் விட்டேன். கல்லறைக் கமிட்டிக்கு முகவரி உண்டு, அந்தோணியாருக்குக் கிடையாது. திங்கட்கிழமை மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தேன். குப்பை அன்றைக்கே நின்றது.

புதன்கிழமை மத்தியானம் ஹில்டா ஆன்ட்டி வந்தார். மிலிட்டரிக்காரரின் மனைவி, கணவர் இறந்த பிறகும் சைனிக்புரி வீட்டிலேயே இருக்கிறார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்காரர்கள், பேச்சில் ஊர் உருது கலந்து வரும். கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுவார். ஆட்டோவிலிருந்து இறங்கிப் படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"நீதானே மா கோயில் மெயிலை மாத்துனது? ஃபாதர் சொன்னாரு."

"ஆமா ஆன்ட்டி. உக்காருங்க."

"கைக்கு மா, ஏன் இப்படிப் பண்ணே? அங்க என் பொண்ணு சாப்பிடாம கெடக்குறா."

போனை நீட்டினார். அவருடைய மகள் ரோஸ்லின் அயர்லாந்தில் நர்ஸ் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் செவ்வாய் அல்லவா, அவள் அனுப்பிய மெயில் திரும்பிப் போயிருக்கிறது. வந்த பதிலைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். அந்த ஆங்கிலத்தை நான் நாள்தோறும் பார்க்கிறேன், அதில் எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. அன்றைக்குத்தான் அதை ஒரு மனுஷியின் கண்ணால் படித்தேன். அந்தோணியார் என்று இங்கே யாரும் இல்லை. அவருடைய கோயிலிலிருந்தே அப்படி ஒரு பதில்.

ஹில்டா ஆன்ட்டி சொன்னார். ரோஸ்லினுக்கு முன்பு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது, இரண்டும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. இது ஆறாவது மாதம். படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பதின்மூன்று செவ்வாயில் பாதிக்கு மேல் முடித்துவிட்டாள்.

"நாளைக்கு ஸ்கேன். போக மாட்டேங்குறா. அவ புருஷன் சந்தீப் எவ்ளோ சொல்லிப் பாத்துட்டான். 'ஸ்கேன் நக்கோ, அவரே இல்லன்னு சொல்லிட்டாரு, இனிமே அதுல என்ன தெரியப் போகுது'ன்னு செவுத்தைப் பாத்துப் படுத்துக்குறா. நர்ஸு மா அவ! ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவ!"

"ஆன்ட்டி, அது அந்தோணியார் சொன்னதில்ல. நான் சொன்னது."

"ஹவ், அதான் நானும் சொல்றேன். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு. அவருக்கும் அவளுக்கும் நடுவுல நீ யாரு மா?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் பிள்ளையைச் சுமக்கிறவளின் அம்மாவிடம் அதைச் சொல்லக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கு உணர்ச்சி மிச்சம் இருந்தது.

"அவர் பேரைப் போட்டுடு மா. உனக்கு என்ன கஷ்டம்? ஒரு பேரு தானே?" என்றார். அதன் பிறகுதான் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

அவரை உட்கார வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய் ஃபாதருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"இதுக்கு ஏன்மா இவ்வளவு யோசனை? அந்தப் பேருல வர்றதை வாங்கிட்டு அப்படியே தூக்கிப் போடுற மாதிரி வச்சிடேன். அவங்களுக்கும் திருப்தி, நமக்கும் தொல்லை இல்ல."

"வாங்கிட்டு யாரும் படிக்கலன்னா அது ஏமாத்து வேலை ஃபாதர்."

"என்னம்மா நீ. பெட்டியில போடுற சீட்டை மட்டும் யாரு படிக்குறா? மாசக் கடைசியில பீடத்து முன்னாடி வச்சு ஜெபம் பண்ணி எரிச்சிடுறோம். மடிச்ச சீட்டைப் பிரிக்கிறது மரியாதை இல்லைன்னு முன்னாடிலருந்தே வழக்கம். அது அவங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருக்குறது."

"யாருமே படிக்கிறதில்லையா?"

"ஆண்டவர் படிக்கிறாரும்மா."

அவர் மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார். நல்ல மனிதர், சாகக் கிடந்த ஜெயச்சந்திரனுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ராத்திரியில் மழையில் நனைந்துகொண்டு வந்தவர். போனை வைத்துவிட்டு, இப்போதாவது கோபம் வரும் என்று காத்திருந்தேன். என் சீட்டுகளில் ஜெயச்சந்திரனின் ரத்தத்தில் இருந்த பிலிருபின் அளவைக்கூட எழுதியிருந்தேன். அவருக்குச் சோறு இறங்கவில்லை, என் பெயரை மறந்துவிட்டார், வலிக்கு ஊசியை அதிகமாக்கச் சொல்லட்டுமா வேண்டாமா, என்று ஒவ்வொரு வாரமும் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதினேன். ஒரு மனிதக் கண்கூட அதன் மேல் படவில்லை. கோபம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரயில் போனது, அது போய் முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு ஹாலுக்கு வந்து, ஹில்டா ஆன்ட்டியின் எதிரிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். முகவரி செல்லும் என்றால் அதன் பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்தோணியார் பெயரைச் சேர்த்து, அந்தப் பெயருக்கு வருகிறதெல்லாம் என் பெட்டிக்கு வரும்படி வைத்தேன்.

"போட்டாச்சு ஆன்ட்டி. மறுபடியும் அனுப்பச் சொல்லுங்க."

"யார்கிட்ட போகும்?"

"என்கிட்ட. நான் படிப்பேன்."

அவர் மகளைக் கூப்பிடப் போனை எடுத்தார். "அவகிட்ட சொல்லாதே மா. அவர் படிக்கிறாருன்னுதான் அவ எழுதுறா."

சரி என்றேன். சாயங்காலமே ரோஸ்லினின் மெயில் வந்தது. மறுநாள் ஸ்கேனுக்குப் போனாள் என்று ஹில்டா ஆன்ட்டி போன் செய்து சொன்னார். குழந்தை நன்றாக இருந்தது, பெண் குழந்தை.

அடுத்த செவ்வாயிலிருந்து எல்லாருடைய மெயில்களும் வர ஆரம்பித்தன. துபாயில் ஒருவருக்கு விசா. குவைத்தில் ஒருத்திக்குக் கணவனின் குடி நிற்க வேண்டும். சிட்னியிலிருந்து ஒருவர் தொலைந்த கார் சாவியைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னார், அந்தோணியார் அதற்குத்தானே பேர் போனவர். ஒன்று விடாமல் படித்தேன். ஜெபம் செய்யவில்லை, எனக்கு அது வரவில்லை. படிப்பதாகச் சொன்னேன், படித்தேன்.

ரோஸ்லின் மற்றவர்களைப் போல எழுதவில்லை. எதையும் அதிகம் கேட்கவும் இல்லை. பக்கத்து வீட்டு ஐரிஷ்காரக் கிழவி தினமும் சூப் கொண்டுவந்து கொடுப்பதை எழுதுவாள், அந்தச் சூப்பில் உப்பே இருக்காது என்பதையும் எழுதுவாள். வெயில் வந்தால் சந்தீப் அவளை நாற்காலியோடு ஜன்னல் பக்கம் நகர்த்துவான். இன்னைக்கு ரொம்ப உதைக்கிறா அந்தோணியாரே, உங்களை மாதிரி யாராவது சாமியாரா ஆகப்போறாளோ என்னவோ, என்று ஒருமுறை எழுதியிருந்தாள். படுக்கையில் கிடக்கிறவளுக்குப் பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான். பதின்மூன்று செவ்வாய் முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. காப்பியோடு உட்கார்ந்து அவளுடையதைக் கடைசியாகப் படிப்பேன். செவ்வாய்க்கிழமை எது என்று எனக்குப் போனைப் பார்க்காமலே தெரிய ஆரம்பித்தது.

எட்டாவது மாதத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து மெயில் வந்தது. கிழமை மாறி வந்ததைப் பார்த்ததுமே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"அந்தோணியாரே, நேத்துலருந்து அசைவு இல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்தோம். துடிப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு அவளைப் பெத்துக்குடுக்கணுமாம். இனிமே உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன். நான் எழுதுனதையெல்லாம் நீங்க படிச்சீங்களா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

அந்தோணியார் பெயரிலேயே பதில் அனுப்ப என்னால் முடியும். சர்வர் என் கையில் இருக்கிறது. ஆறுதலாக நாலு வரி எழுதினால் அவள் காலத்துக்கும் பத்திரமாக வைத்திருப்பாள். பொய். எழுதாமலே இருந்துவிடலாம், அதுதானே வழக்கம். அவள் அம்மாவும் சொல்லாதே என்றுதான் சொன்னார். ஆனால் எனக்கு ஒரே ஒரு பதில் கிடைக்கும் என்றால் எதைக் கேட்டிருப்பேன் என்று யோசித்தேன். ஜெயச்சந்திரனைப் பிழைக்க வைக்கவில்லையே ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன். அவளும் அதைக் கேட்கவில்லை.

என் பெயரிலேயே எழுதினேன்.

"ரோஸ்லின், இந்த முகவரிக்கு வருவதை அந்தோணியார் படிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நான் படிக்கிறேன். நீ எழுதிய எல்லாவற்றையும் படித்தேன். என் பெயர் ஆரோக்கியமேரி, உங்கள் கோயிலில் மெயில் வேலை பார்க்கிறேன். நானும் என் கணவருக்காகக் கேட்டேன், கிடைக்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டும் என்று தோன்றினால் மன்னித்துக்கொள், இல்லையென்றால் திட்டு." கீழே என் போன் நம்பரைப் போட்டு அனுப்பினேன்.

திட்டத்தான் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிட்டாள். பின்னால் ஏதோ மெஷின் விட்டுவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"எல்லாத்தையும் படிச்சேன்மா."

"அப்ப பேரும் உங்களுக்குத் தெரியும்."

தெரியும். பிறக்கும் முன் பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கூடாது, வைத்தால் தங்காது என்று எங்கள் பக்கமெல்லாம் சொல்வார்கள். அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மட்டும் எழுதியிருந்தாள்.

"சந்தீப்புக்குக்கூடச் சொல்லல அக்கா. அம்மாவுக்குத் தெரிஞ்சா கத்துவாங்கன்னு. இப்ப இங்க நர்ஸ் கேக்குறாங்க, பாப்பா கையில கட்டுறதுக்கு என்ன பேரு எழுதணும்னு. எனக்கு வாயில வர மாட்டேங்குது. நீங்க ஒரு தடவை சொல்லுங்களேன். வேற யாரும் சொல்லி நான் கேட்டதே இல்ல."

போனை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"எமி," என்றேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா."

"எமி."

அந்தப் பக்கம் அவள் அழ ஆரம்பித்தாள். என் கன்னத்தில் ஈரம் பட்ட பிறகுதான் நானும் அழுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. ஜெயச்சந்திரனுக்கும் சேர்த்து அழுதேன். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள், "ஸ்பீக்கர்ல போடுறேன் அக்கா, சந்தீப்புக்கும் சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன்.